விடைத்தாளில் இல்லாத இரண்டு போல்ட்டுகள்

என் வீட்டுக்காரரைத் தெருவில் எல்லாரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடி, பலகை நேராக இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று காட்டுமே, அந்தக் கருவி எந்நேரமும் அவருடைய பின்பாக்கெட்டில் இருக்கும். விருந்துக்குப் போனாலும் இருக்கும். சாப்பிட உட்காருமுன் அதை மேஜைமேல் வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவில் நிற்காவிட்டால் ஒரு காகிதத்தை மடித்து மேஜைக்கால் அடியில் செருகுவார். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும். கட்டிக்கொண்ட புதிதில் எனக்கு இது பெருமையாக இருந்தது. பத்தொன்பது வருஷம் ஆன பிறகு, சாய்ந்த மேஜையில் நிம்மதியாக ஒரு வேளை சாப்பிட்டால் போதும் என்றாகிவிட்டது.

நாங்கள் செய்வது சில்லறைக் கட்டுவேலை. வீடு கட்ட மாட்டோம். வீடு கட்டியவர்கள் விட்டுப்போனதையெல்லாம் செய்வோம். ஏசி வைக்கச் சுவரில் இரும்புத் தாங்கி, துணி காயப்போடக் கம்பி, கடைக்குப் பெயர்ப்பலகை, ஜன்னலுக்கு மேலே தகர ஷேடு. அவர் வேலை செய்வார், நான் பேசுவேன். வாடிக்கையாளர் இருந்தால் அவர்களிடம் பேசுவேன், இல்லாவிட்டால் இவரிடம் பேசுவேன்.

முன்பெல்லாம் டிரில் மெஷின் வைத்திருந்தவரெல்லாம் கான்ட்ராக்டர்தான். பிறகு ஊரில் எங்கேயோ ஒரு பெயர்ப்பலகை கழன்று நடைபாதையில் விழுந்தது. நல்லவேளையாகக் கீழே யாரும் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் மேலிடம்வரை கேட்டுவிட்டது. சட்டம் வந்தது. எவ்வளவு சின்ன வேலையானாலும் பதிவு பெற்ற கான்ட்ராக்டர்தான் செய்ய வேண்டும். தொடங்குமுன் அலுவலகத்துக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வேலைக்கு முன் ஒரு படம், வேலைக்குப் பின் ஒரு படம். பதிவு இல்லாதவர் சுவரில் ஒரு ஓட்டை போட்டாலும் குற்றம்.

எங்களுக்குப் பதிவு கிடையாது. என் அண்ணனுக்கு இருந்தது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இவர் அண்ணனிடம்தான் வேலை பார்த்தார். சட்டம் வந்தபிறகும் அண்ணனுடைய நம்பரின் கீழேதான் எங்கள் பிழைப்பு ஓடியது. ஒவ்வொரு அறிவிப்பிலும் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கையெழுத்துப் போடும் அழகை நீங்கள் பார்க்க வேண்டும். பேனாவைப் பத்து நிமிஷம் தேடுவார். அது சட்டைப்பையிலேயே இருக்கும். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "மாப்பிள்ள, எல்லாம் நேரா இருக்குல்ல?" என்று கேட்பார். ரசமட்டத்தைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்கும் துணிச்சல் உலகத்திலேயே என் அண்ணன் ஒருவருக்குத்தான் உண்டு.

அந்த அண்ணன் ஒருநாள் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"என்னால இனிமே ஏணி ஏறி வேலைய மேற்பார்வை பண்ண முடியல. இந்த மாசக் கடைசில என் நம்பரைத் திருப்பிக் குடுத்துடறேன். நீங்களே சொந்தமா ஒண்ணு வாங்கிக்குங்க."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாசக் கடைசிக்கு இருபத்திரண்டு நாள்தான் இருந்தது. உடனே விண்ணப்பித்தோம். எங்களைப் போன்ற சின்ன நிறுவனத்துக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது விதி. வேலைக்குப் பொறுப்பேற்க ஒருவர், கையெழுத்துக்குப் பொறுப்பேற்க ஒருவர். இரண்டு பேரும் நேர்காணலில் உட்கார வேண்டும். தேறாவிட்டால் மறுபடி விண்ணப்பிக்க ஆறு மாசம் காத்திருக்க வேண்டும். ஒப்புக்கொண்டிருந்த பதினோரு வேலையும் அதற்குள் வேறு கைக்குப் போய்விடும். போன வாடிக்கையாளர் திரும்பி வருவார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆறு மாசம் வேலையில்லாமல் உட்கார்ந்தால் இவர் வீட்டில் இருக்கும் அத்தனை சாமானுக்கும் அடியில் காகிதம் செருகிவிடுவார் என்ற பயம் வேறு எனக்கு.

சான்றிதழ், பழைய படங்கள், வாடிக்கையாளர் கடிதம் என்று தேடி வீட்டைத் தலைகீழாக்கினேன். அலமாரி, பரண், என் பொத்தான் டப்பா எதையும் விடவில்லை. பொத்தான் டப்பாவை மட்டும் அவரைத் திறக்க விடவில்லை. அதில் என் சொந்தச் சாமான்கள் சில இருக்கின்றன. மனுஷிக்கு ஒரு டப்பாவாவது சொந்தமாக இருக்க வேண்டாமா?

விதிப்புத்தகத்தை நான் உரக்கப் படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டார் என்று அவர்தான் சொன்னார். எனக்குக் குறட்டை மாதிரி இருந்தது. வேலையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கிருந்த ஒரே கவலை அவருடைய வாய். அது அதிகம் பேசாது, ஆனால் பேசக்கூடாத நேரம் பார்த்துப் பேசும். புது வீடு கட்டிப் பூரித்துப் போயிருந்த ஒரு வாத்தியாரிடம், "ஷேடு நேராத்தான் இருக்கு சார், உங்க வீடுதான் கோணல்" என்று சொன்ன வாய் அது.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்" என்று கண்டித்துச் சொன்னேன். "மூணு தப்பு கேட்டா மூணு சொல்லணும். நாலாவது தெரிஞ்சாலும் முழுங்கிடணும்."

"சரிம்மா" என்றார். அவர் 'சரிம்மா' என்று சொன்னால் அது நடக்காது என்று அர்த்தம்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டபோது அண்ணன் தன் நம்பரைத் திருப்பிக் கொடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அறை மூன்றாவது மாடியில் இருந்தது. நீளமான மேஜை, எதிரே இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு திரை. மேஜைக்கு அந்தப் பக்கம் தலைவர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நரைத்த கூந்தலை இறுக்கமாக முடிந்திருந்தார், முகமும் அதே இறுக்கம். பக்கத்தில் ஒரு இளம் இன்ஜினியர் விடைத்தாளை மார்போடு அணைத்து வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் உட்காருமுன் மேஜையை ஒரு பார்வை பார்த்தார். கை பின்பாக்கெட்டுக்குப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்து என் மடிமேல் வைத்துக்கொண்டேன். அவர்கள் எங்களை ரொம்ப அன்னியோன்யமான தம்பதி என்று நினைத்திருப்பார்கள்.

முதலில் என்னைக் கேட்டார்கள். எந்த வேலைக்கு எத்தனை நாள் முன்னதாக அறிவிப்பு, படத்தில் என்னென்ன தெரிய வேண்டும், வாடிக்கையாளர் அவசரப்படுத்தினால் என்ன செய்வேன். கடகடவென்று ஒப்பித்தேன். நடுவில் அம்மாளே கையமர்த்தி, "போதும், மூச்சு விட்டுக்குங்க" என்றார்.

பிறகு திரையில் படங்கள் வந்தன. தப்பாகச் செய்த வேலைகளின் படங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று குறை சொல்ல வேண்டும், வேலைக்குப் பொறுப்பானவர்தான் சொல்ல வேண்டும். இவர் ஏசி தாங்கியில் மூன்று சொன்னார். பெயர்ப்பலகையில் மூன்று. துணிக்கம்பியில் மூன்று. சொன்னதும் வாயை மூடிக்கொண்டார். என் வளர்ப்பு வீண்போகவில்லை என்று உள்ளுக்குள் குளிர்ந்து போனேன். நாலாவதும் முடிந்தது.

"கடைசிப் படம்" என்றார் இன்ஜினியர். "இது போன மாசம் நானே ஏணில ஏறி எடுத்தது."

மாடி ஜன்னல் ஒன்று. அதற்கு மேலே ஒரு தகர ஷேடு. ஜன்னலுக்கு நீலக் கதவு. அந்தக் கதவில் கீழிருந்து மூன்றாவது சட்டம் மட்டும் தலைகீழாகப் பொருத்தப்பட்டு, வேறொரு நீலத்தில் இருந்தது. அந்தச் சட்டத்தை உடைத்தவள் நான். தலைகீழாகப் பொருத்தியவர் அண்ணன். மிச்சமிருந்த பெயின்டை அடித்தது மறுபடியும் நான்.

அது எங்கள் பழைய வீடு. நான் பிறந்து வளர்ந்த வீடு. எனக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம் அதை விற்றுவிட்டோம். அந்த ஷேடு, அண்ணன் தன்னிடம் புதிதாகச் சேர்ந்த ஆளை அனுப்பிப் போடச் சொன்னது. புதிதாகச் சேர்ந்த அந்த ஆள் இப்போது என் பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தெரு வழியாக எப்போது வேனில் போனாலும் இவர் வேகத்தைக் குறைத்து அண்ணாந்து பார்ப்பார். என்னை முதன்முதலில் பார்த்த ஜன்னல் மேல் இந்த மனுஷனுக்கு எவ்வளவு பிரியம் என்று நான் ஒவ்வொரு தடவையும் உருகிப் போயிருக்கிறேன்.

"மூணு குறை சொல்லுங்க" என்றார் இன்ஜினியர்.

இவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே, மூன்று, மூன்றே மூன்று என்றேன்.

"ஷேடு ரொம்ப வெளியே நீட்டிக்கிட்டு இருக்கு" என்றார். "வாட்டம் சுவர்ப் பக்கமா இருக்கு, மழைத்தண்ணி வெளிய வடியாம உள்ள இறங்கும். இடது தாங்கி வலதைவிட ஒரு விரல் கீழ."

"சரி. மூணும் சரி." இன்ஜினியர் குறித்துக்கொண்டு விடைத்தாளை மூடப்போனார்.

முடிந்தது. எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம். ஆனால் இவர் எழுந்திருக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதைப் பார்க்கிறார் என்று நானும் பார்த்தேன். ஷேடுக்குக் கீழே நடைபாதையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். இரண்டு பெண்கள், குடையை மடக்கிக் கையில் பிடித்த ஒரு பெரியவர். எங்கள் காலத்தில் அங்கே பஸ் நிறுத்தம் கிடையாது. இப்போது வந்திருக்கிறது. ஷேடின் நிழல் இருக்கும்போது குடை எதற்கு என்று பெரியவர் மடக்கிவிட்டார் போலிருக்கிறது.

மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அழுத்தியே மிதித்தேன்.

"இன்னும் ரெண்டு இருக்கு சார்" என்றார்.

"விடைத்தாள்ல மூணுதான் இருக்கு."

"அது வெளிய தெரியறது. மத்த ரெண்டும் உள்ள இருக்கு. வலது தாங்கில நாலு போல்ட் தலை தெரியுதுல்ல, அதுல மேல உள்ள ரெண்டும் போல்ட் இல்ல. வெறும் பட்டி."

"நான் கிட்டப் போய் எண்ணிப் பார்த்தேனே" என்றார் இன்ஜினியர். முகம் சிவந்துவிட்டது. "நாலு இருந்துச்சு."

"சுவர்ல பூசற பட்டிய உருட்டி, ஸ்பேனரால ஆறு பக்கமும் தட்டி, காஞ்சதும் அலுமினிய பெயின்ட் அடிச்சா போல்ட் தலை மாதிரியே இருக்கும் சார். அப்புறம், மத்த போல்ட் எல்லாம் பூச்சோட நின்னுடுச்சு. செங்கல்லுக்குள்ள போகல."

தலைவர் அம்மாள் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "படத்தைப் பார்த்து இதெல்லாம் எப்படிச் சொல்றீங்க?"

பதினோரு வேலையும் வரிசையாக என் கண்முன்னால் வந்து போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போயின.

"இது நான் போட்ட ஷேடுங்க" என்றார்.

ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. அதே நேரத்தில் அவர் கையைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும்போல் இருந்தது. கை ஏற்கெனவே என் மடியில்தான் இருந்தது. அதனால் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?" அம்மாள் குரலை உயர்த்தாமல் கேட்டார். உயர்த்தியிருந்தால் தேவலை.

"சாரத்துல நின்னு வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். எட்டு போல்ட்டும் உள்ளங்கைல இருந்துச்சு. திடீர்னு ஜன்னல் திறந்துச்சு. இவங்க எட்டிப் பார்த்து, டீயா காபியான்னு கேட்டாங்க. எதுன்னாலும் சரிங்கன்னு சொன்னேன். அப்ப ரெண்டு போல்ட் கைநழுவிக் கீழ தெருவுல விழுந்துடுச்சு."

"இறங்கி எடுத்திருக்கலாமே?"

"இறங்கினா ஜன்னலைச் சாத்திடுவாங்களோன்னு…"

இன்ஜினியர் இருமினார்.

"செங்கல்வரைக்கும் ஏன் துளை போடல?"

"டிரில்லை அழுத்திப் பிடிச்சா சத்தம் ஜாஸ்தியா வரும்மா. இவங்க பேசறது காதுல விழாது."

"ரசமட்டம் வெச்சுப் பார்க்கலியா?" என்று இன்ஜினியர் கேட்டார். அவருக்குப் பாவம், இவருடைய பட்டப்பெயர் தெரியாது.

"அன்னைக்குக் கையில இருந்துச்சு சார், வெச்சுப் பார்க்கல. அதுக்கப்புறம்தான் எதை எடுத்தாலும் வெச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

பத்தொன்பது வருஷம். எத்தனை மேஜை, எத்தனை கட்டில், எத்தனை விருந்து. எத்தனை தடவை நான் தலையில் அடித்துக்கொண்டிருப்பேன். இந்த மனுஷனுக்குக் கிறுக்கு என்று அண்ணியிடம் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்பேன்.

"மறுநாள் வந்து சரி பண்ணிடலாம்னுதான் நினைச்சேன்" என்று அவரே தொடர்ந்தார். "மறுநாள் வந்தேன். இவங்க மறுபடியும் ஜன்னலைத் திறந்தாங்க. அப்புறம் கல்யாணம் ஆயிடுச்சு. மச்சான்கிட்டச் சொல்லத் தைரியம் வரல. அப்புறம் வீட்டை வித்துட்டாங்க."

"இத்தனை வருஷம் சும்மா இருந்திருக்கீங்க."

"ஆமாங்க. தப்புதான். வீட்டை வித்தப்புறம் கீழ வெறும் செடிதான் இருந்துச்சு. இப்ப ஆளுங்க நிக்கறாங்க. எனக்குப் பதிவு குடுக்காட்டியும் பரவால்ல, அதை இன்னைக்கே இறக்கணும்."

அம்மாள் திரையை ஒரு தடவை பார்த்தார். பிறகு, வேறெதற்கோ கேட்பதுபோல், "அந்த ரெண்டு போல்ட்டு என்னாச்சு? யார் மேலயாவது விழுந்துச்சா?" என்றார்.

"தெரியலைங்க. அப்புறம் தேடினேன், கிடைக்கல."

இதற்குமேல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

"என்கிட்ட இருக்குங்க" என்றேன்.

மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். எல்லாரையும்விட வேகமாகத் திரும்பியவர் என் வீட்டுக்காரர்.

"அன்னைக்குச் சாயங்காலம் கடைக்குப் போறப்ப வாசல்ல கிடந்துச்சு. அவரோடதுன்னு தெரியும். திருப்பிக் குடுக்கலாம்னுதான் எடுத்தேன். அப்புறம், இருக்கட்டும்னு வெச்சுக்கிட்டேன். பொத்தான் டப்பாவுல இருக்கு." என் காது சுட்டது. "மிச்சப்பட்ட போல்ட்டுன்னு நினைச்சேன். தாங்கிக்கே இல்லாத போல்ட்டுன்னு தெரியாது."

"அதான் என்னைத் திறக்கவே விடலியா?" என்றார் இவர்.

"நீங்க மட்டும் பட்டி உருட்டின கதைய என்கிட்டச் சொன்னீங்களா?"

"அம்மா, அய்யா, இது நேர்காணல்" என்றார் இன்ஜினியர்.

தலைவர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தேவைக்குமேல் துடைத்தார். அப்போதே இவர் எழுந்து நின்றுவிட்டார். "சாரம் வேன்லயே இருக்கு. நான் இப்பவே போய் இறக்கிடறேங்க."

"முடியாது" என்றார் அம்மாள். "பதிவு இல்லாதவங்க அதைத் தொடக்கூடாது. விதி."

"அப்ப பதிவு பண்ணிக் குடுத்துடுங்க."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. வழியில் இருக்கும் கல்லை நகர்த்தினால் போய்விடலாமே என்பதுபோல், அவ்வளவு சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மாளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. இறுக்கி முடிந்த கூந்தல் அவிழ்கிற அளவுக்குச் சிரித்தார். இன்ஜினியர் விடைத்தாளால் முகத்தை மூடிக்கொண்டார்.

சிரித்து முடித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் அவர் மறுபடி பழைய அம்மாளானார். என்னைப் பார்த்தார்.

"கையெழுத்துக்குப் பொறுப்பு நீங்க. இதே மாதிரி ஒரு வேலையை இவர் முடிச்சிட்டு வந்து கையெழுத்துக் கேட்டா என்ன செய்வீங்க?"

விதிப்புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. பதினாலாம் பக்கம். எனக்கு மனப்பாடம். ஆனால் வாயில் வந்தது வேறு.

"போட மாட்டேங்க. முதல்ல நானே ஏறிப் போய், ஒவ்வொரு போல்ட்டையும் நகத்தால சுரண்டிப் பார்ப்பேன். அப்புறம் வேலை முடியற வரைக்கும் ஜன்னலைத் திறக்க மாட்டேன்."

"அதைக் குறிச்சுக்குங்க" என்று அவர் இன்ஜினியரிடம் சொன்னார்.

முடிவு தபாலில் வரும் என்று எங்களை அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலமே இன்ஜினியர் ஆள் அனுப்பி, ஷேடுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, நடைபாதையை மறித்துக் கயிறு கட்டினார். ஆனால் நம் மனுஷனுக்குக் கயிற்றின்மேல் நம்பிக்கை இல்லை. தினமும் காலையில் போய் அங்கே நின்றுகொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவர்களை நாலு அடி தள்ளி நிற்கச் சொன்னார். நாலாம் நாள், எந்த பஸ் எங்கே போகிறது என்று ஜனங்கள் இவரைக் கேட்டுத்தான் ஏறினார்கள். குடைக்காரப் பெரியவர் இவருக்கு நல்ல சிநேகிதராகிவிட்டார்.

அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னது நான்தான். இவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டார். அண்ணன் முழுவதையும் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் முழங்காலைத் தடவினார்.

"அந்த வீட்ல இருந்தவரைக்கும் அதுக்கு நேர் கீழதானே நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பேன்" என்றார். "என் தலைக்கு மேல ரெண்டு போல்ட் கம்மின்னு தெரிஞ்சுக்கிட்டே மாப்பிள்ள எனக்கு வணக்கம் வெச்சிருக்காரு."

"நாற்காலியைத் தள்ளிப் போடுங்கன்னு தினமும் சொன்னேனே மச்சான்" என்றார் இவர்.

அண்ணன் யோசித்துப் பார்த்தார். "ஆமா, சொன்னீங்க. வெயில் படும்னு சொல்றீங்கன்னு நினைச்சேன்." பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தவர், அண்ணி வந்து தண்ணீர் கொடுக்கும்வரை நிறுத்தவில்லை.

ஒன்பதாம் நாள் தபால் வந்தது. உறையைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. அவர் பிரித்தார். பதிவு நம்பர், எங்கள் இரண்டு பேருடைய பெயரும் ஒரே வரியில். அடியில் அம்மாள் கையாலேயே எழுதியிருந்தார்: 'முதல் அறிவிப்பு எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை.' நான் அழுதேன். அவர் கடிதத்தை மேஜையில் வைத்தார், பின்பாக்கெட்டுக்குக் கை போனது, என்னைப் பார்த்துவிட்டுக் கையை விலக்கிக்கொண்டார். "வெச்சுப் பாருங்க" என்றேன். குமிழி சரியாக நடுவில் நின்றது.

அந்த வீட்டில் இப்போது ஒரு தையற்காரம்மா இருக்கிறார். ஷேடின் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "என் வீட்டு ஜன்னலுக்கு இவ்வளவு பெருமையா" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். வேலைக்கு முந்தைய படத்தை நானே எடுத்தேன். அறிவிப்பில் என் கையெழுத்தைப் போட்டேன். பேனாவைத் தேடவில்லை.

காலையில் பொத்தான் டப்பாவிலிருந்து அந்த இரண்டு போல்ட்டையும் எடுத்து நீட்டியிருந்தேன். "இதையும் போடுங்களேன். அதோட இடத்துக்கே போய்ச் சேரட்டும்."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆசையாகத்தான் பார்த்தார். பிறகு என் கையிலேயே வைத்துவிட்டார். "பழசு ஆகாதும்மா. நீளமும் பத்தாது. கையெழுத்துப் போடறது நீதானே?"

சட்டம் பேசுகிறார். யாரிடம்? இருந்தாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பழைய ஷேடு இறங்கியது. நான் நீலக் கதவைச் சாத்தித் தாழ்போட்டு, உள்ளே தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். தலைவர் அம்மாளுக்குக் கொடுத்த வாக்கு. வெளியே டிரில் சத்தம் வந்தது. அன்றைக்கு மெதுவாகப் பிடித்தபோது வந்த பூனைச் சத்தம் இல்லை, பல்லைக் கூசவைக்கிற சத்தம். சுவர் அதிர்ந்து, மேஜையிலிருந்த ஊசிகள் நடனமாடின. தையற்காரம்மா ஏதோ சொன்னார், ஒரு எழுத்துக்கூடக் காதில் விழவில்லை. எட்டுத் துளை. பிறகு ஸ்பேனர் சத்தம். ஒன்று, இரண்டு என்று விரல் விட்டு எண்ணினேன். ஆறுக்குப் பிறகு சத்தம் நின்றது. எனக்கு மூச்சும் நின்றது. கீழே இருந்து ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணன், "என்ன மாப்பிள்ள, மறுபடியும் ரெண்டு விழுந்துடுச்சா?" என்று கத்துவது கேட்டது.

"இல்ல மச்சான். வேர்வையத் துடைச்சேன்."

ஏழு. எட்டு.

வெளியிலிருந்து ஜன்னல் கதவை யாரோ விரலால் தட்டினார்கள். தாழை எடுத்துத் திறந்தேன். அவர் முகமெல்லாம் செங்கல் தூள். மீசை சிவப்பு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்ததைவிட இரண்டு மடங்கு ஆள், பாதி முடி. எனக்கு அப்போது என்ன தோன்றியதோ அதேதான் இப்போதும் தோன்றியது.

"டீயா காபியா?" என்றேன்.

"எதுன்னாலும் சரிங்க" என்றார்.

நான் முதலில் எட்டிப் பார்த்து எட்டு போல்ட்டையும் நகத்தால் சுரண்டினேன். எல்லாம் இரும்பு. அதன் பிறகுதான் டீ போட்டேன்.

வேலைக்குப் பிந்தைய படத்தை எதிர்ச்சாரியில் நின்று அவரே எடுத்தார். நான் பார்க்காமலே உறையில் போட்டு அனுப்பிவிட்டேன், அது என் தப்பு. ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. இன்ஜினியர் குறிப்பு எழுதியிருந்தார்: 'படத்தில் ஷேடு பாதிதான் தெரிகிறது. போல்ட் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஜன்னலில் இருப்பவர் மட்டும் மிகத் தெளிவாகத் தெரிகிறார். வேலையைப் படம் எடுத்து மீண்டும் அனுப்பவும்.'

மறுபடி நான் போய் எடுத்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

திரும்பி வந்த படத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். ஒரு ஆணி அடித்தால் போதும் என்றேன். அவர் கேட்கவில்லை. பொத்தான் டப்பாவை என்னிடம் கேட்டு வாங்கி, ரசமட்டம் வைத்துக் குறித்து, செங்கல்வரைக்கும் துளை போட்டு, அந்த இரண்டு போல்ட்டையும் இறக்கி முடுக்கினார். சத்தம் காதைக் கிழித்தது. நான் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டே இருந்தேன்.